கவுதாரியும் சுறாவும்: ஒரு ஸ்டாக் கணக்கு

பி.காம். படிக்கிறவனுக்குப் பறவை, மீன் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். விஷயம் ஸ்டாக் கணக்கு என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸுக்குக் காலையில் காத்து நின்றால், முள்ளுக்காட்டில் கவுதாரி கத்துவது கேட்கும். இறக்கை இருந்தும் நடந்தே பிழைக்கும் பறவை. 1789இல் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் பாண்டிச்சேரி இருக்கிறது. அதே ஊர்ப் பெயர் கொண்ட இன்னொரு உயிர் கடலில் உண்டு: பாண்டிச்சேரி சுறா. 1839இல் பெயர் வைத்தார்கள். சுமார் ஒரு மீட்டர் நீளம்தான்.

கவுதாரியை இன்றும் பார்க்கலாம். சுறாவின் உறுதியான கடைசிப் பதிவு 1979. மியூசியங்களில் இருப்பது சுமார் 20. சட்டப் பாதுகாப்பு கிடைத்ததோ 2001இல், அதாவது 22 வருடம் கழித்து! சரக்கு தீர்ந்தபின் குடோனுக்குப் பூட்டு வாங்கிய கதை.

ஏன் இந்த வித்தியாசம்? கவுதாரி ஆறேழு முட்டையிட்டு மூன்று வாரத்தில் குஞ்சு பொரித்துவிடும். இந்தச் சுறாவின் உறவுகளோ பல மாதம் சுமந்து குறைவாகவே குட்டி போடுபவை. வரவு மெதுவாக, செலவு வேகமாக இருந்தால் எந்தக் கடையும் மூடத்தான் வேண்டும்.

மீனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வலைக்கு இனம் தெரியாது. கரைக்கு வந்தால் சின்னச் சுறா எல்லாம் ஒரே குவியல், ஒரே விலை, எல்லாம் புட்டுக்குத்தான். அந்தக் குவியலைப் பிரித்து எழுதி வைக்காததுதான் தப்பு.

கவுதாரி விஷயத்திலும் அதே தப்பு நடக்கிறது என்பது என் கருத்து. "அதான் நிறைய இருக்கே" என்று யாரும் எண்ணுவதில்லை. பிடித்தால் குற்றம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அது முட்டையிடும் புதரை நாம் "சும்மா கிடக்கிற இடம்" என்கிறோம். அங்கே மஞ்சள் கல் நட்டு மனை போட்டால் யாரும் கேட்பதில்லை.

வருடா வருடம் கல்லூரிகளில் மரம் நடுகிறோம். அதோடு ஒரு நாள் கவுதாரிக் குரலை எண்ணுவோம். இன்னொரு நாள் மாமல்லபுரம் கடற்கரையில் சுறாக் குவியலைப் போட்டோ எடுத்து, தேதியோடு கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவோம். சரக்கு இருக்கும்போது எடுப்பதுதான் ஸ்டாக். தீர்ந்த பிறகு எழுதுவது நஷ்டக் கணக்கு.