நல்லா கடிக்குமா, டீச்சர்?

போன ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு குடும்பம் ராணியைப் பார்க்க வந்தது. கேட்டைத் திறந்ததும் அவள் மெதுவாக எழுந்து வந்து, ஆறு வயதுப் பையனின் கையை முகர்ந்துவிட்டு அவன் காலடியில் படுத்துக்கொண்டாள். பையன் காதைத் தடவினான். தாய் அவனை வெடுக்கென்று இழுத்தாள். "ஐயோ டீச்சர், இவ்வளவு பெரிய நாயா? பிள்ளை இருக்கிற வீடு. சின்னதா ஒரு பொமரேனியன் இருந்தா சொல்லுங்க." ஊற்றிய தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அன்று மாலையே பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் ஒருவர் போன் எடுத்தார். கேட்டது ஒன்றுதான்: "நல்லா கடிக்குமா, டீச்சர்?" கடிக்காது என்றேன். "அப்ப இவ்வளவு பெரிய நாயை வச்சி என்ன செய்ய?" என்று வைத்துவிட்டார்.

வேண்டாம் என்றவளும் வேண்டும் என்றவரும் நம்புவது ஒன்றையேதான்: பெரிய நாய் என்றால் கடிக்கும். அவளுக்கு அது பயம், இவருக்கு அது தேவை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு நாலு மாதமாக ராணிக்கு வீடில்லை.

ராணி கிரேட் டேன். ஐந்து வயதிருக்கும் என்று மிருக வைத்தியர் பல்லைப் பார்த்துச் சொன்னார். கெலிஓயாப் பக்கம் ரோட்டோரத்தில் கிடந்தாள். கழுத்தைச் சுற்றி மயிரில்லை, சங்கிலி தின்ற தழும்பு. மடி தொங்கியிருந்தது. குட்டி போடவைத்து விற்று, இனி ஆகாது என்றதும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்த மனிதக் கையை இன்னும் நக்குகிறாள்.

பிள்ளை இருக்கிற வீடு என்று சொல்கிறவர்களுக்கு கேண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து இனம், ஏறத்தாழ 60 கிலோ. ஒரு வீட்டில் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தது. ஒரு நாள் அதன் நகம் ஒரு பிள்ளையின் முகத்தில் கீறிவிட்டது. கடிக்கவில்லை, கீறியது. வீட்டார் பயந்துபோய்க் கனேடியப் படையினரிடம் கொடுத்துவிட்டார்கள். படையோடு ஹொங்கொங் போனது. 1941 டிசம்பரில், காயப்பட்டுக் கிடந்தவர்களின் நடுவில் விழுந்த கைக்குண்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. குண்டு வெடித்தது. கேண்டர் செத்தது, அவர்கள் பிழைத்தார்கள். 2000இல் அதற்கு, போரில் துணிவு காட்டிய விலங்குகளுக்கென்று இருக்கிற டிக்கின் பதக்கத்தைக் கொடுத்தார்கள். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆகாது என்று அனுப்பிய நாய் அதுதான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அப்பாயி லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தொரை பங்களா இருக்கிற பக்கமே போகமாட்டாள். கேட்டில் அல்சேஷன் கட்டியிருக்கும். கொழுந்துக் கூடையோடு வருகிற ஆளைக் கண்டால் பாயும். அது நாயின் குணமில்லை, பழக்கியவனின் குணம். 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, வெள்ளைக்காரத் தொரைமார் கப்பலேறினார்கள். அவர்களுடைய நாய்க்குப் பயந்த பயம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. நம்மவர்களில் நாலு காசு சேர்த்து மாடிவீடு கட்டியவர்கள் செய்கிற முதல் வேலை, தொரையைப் போலவே கேட்டில் ஒரு பெரிய நாயைக் கட்டுவது. இரவும் பகலும் சங்கிலியில் கிடக்கிற நாய் கடிக்காமல் என்ன செய்யும்? அது கடித்ததும், பார்த்தீர்களா, பெரிய நாய் என்கிறார்கள். கேண்டரைச் சங்கிலியில் கட்டி வளர்த்திருந்தால் அதுவும் கடித்துத்தான் இருக்கும்.

என் அறுபத்திரண்டு வயதில் என்னை மூன்று நாய்கள் கடித்திருக்கின்றன. மூன்றும் என் முழங்கால் உயரம் இல்லை. விசர் நோய்க்குப் பெரிய நாய், சின்ன நாய் என்ற கணக்குக் கிடையாது. ஊசி போட்டதா, போடாததா என்பதுதான் கணக்கு. ராணிக்கு ஊசி போட்டாயிற்று, கருத்தடையும் செய்தாயிற்று. பொமரேனியன் தேடிப் போனவர்கள் இதையெல்லாம் கேட்கவே இல்லை.

பெட்டைக் குட்டிகளின் கதை இதைவிட மோசம். கடுவனை எடுத்துக்கொண்டு பெட்டைகளை உரப்பையில் கட்டிக் கோயில் வாசலிலும் சந்தையிலும் போடுகிறார்கள். தெருவில் நாய் பெருகிவிட்டது என்று பிறகு புலம்புகிறவர்களும் அவர்களே. இதற்கென்று இருக்கிற மிருகவதைச் சட்டம் 1907இல் எழுதியது. அதில் எழுதிய தண்டப்பணம் கூடினால் 100 ரூபா. குட்டி விற்று இலட்சங்கள் பார்க்கிறவனுக்கு அந்த நூறு ரூபா எந்த மூலைக்கு?

ராணிக்குப் பெரிய தோட்டம் வேண்டியதில்லை. பகலில் பாதி நேரம் தூங்குகிறாள். படுக்க மெத்தென்று ஒரு இடமும், இரவில் வீட்டுக்குள் வர ஒரு கதவும் போதும். அவளுடைய இனம் எட்டு, பத்து வயதுக்கு மேல் இருப்பது அபூர்வம். இருக்கப்போவது இன்னும் சில வருஷம். கேண்டரைக் கொடுத்த வீட்டார் போல் ஒரு கீறலுக்குப் பயந்து திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம். கடிக்குமா என்று கேட்கிறவர்களும் வரவேண்டாம்.

இன்னும் மூன்று வாரத்தில் பெரஹெர ஊர்வலம் தொடங்கும். பீரங்கி வெடிக்கிற சத்தத்துக்கே உடம்பு நடுங்குகிற பெண் இவள். அதற்குள் ஒரு வீடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அத்தனை இரவும் என் அறைக்குள்ளேயே படுக்கவைத்து, கதவைச் சாத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.