திறக்காத ஜன்னலுக்கும் வாடகையா?

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது இப்போது பெரிய கண்ணாடி ஜன்னல்தான். சுவரின் பாதியை அடைத்து நிற்கும் ஒரே கண்ணாடி. அதற்கு வெளியே தேயிலை மலையும் மூடுபனியும். "நல்ல வெளிச்சமான வீடு" என்று மகிழ்ந்து முற்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அந்த ஜன்னல் திறக்குமா என்று கேட்பவர் மிகச் சிலரே.

இந்த ஆசையில் பிழை இல்லை. முதுகோடு முதுகு ஒட்டிய லயன் அறைகளில், காற்றும் வெளிச்சமும் போதாமல் தலைமுறைகள் வாழ்ந்த மலைநாடு இது. அதற்குப் பின் வந்தவர்கள் வெளிச்சத்தை விரும்புவது நியாயம். நிலையாகப் பதித்த கண்ணாடியில் நன்மைகளும் உண்டு. பகலில் மின்விளக்கு இல்லாமல் படிக்கலாம். இடுக்கு இல்லாததால் மழைச்சாரலும் குளிர்காற்றும் நுழையா. குரங்குத் தொல்லை இல்லை. மேல்மாடியில் சிறு பிள்ளைகள் எட்டிப்பார்த்து விழும் பயமும் இல்லை. கீலும் கொக்கியும் வேண்டாததால் வீட்டுக்காரருக்குச் செலவும் குறைவு.

ஆனால் வெளிச்சம் வேறு, காற்று வேறு. கண்ணாடி முன்னையதைத் தரும், பின்னையதைத் தராது. நம் ஊர்க் குளிரில் கதவையும் சாத்திக்கொண்டால், சமையல் ஆவி, ஈர உடுப்பின் ஆவி, நாம் விடும் மூச்சு எல்லாம் உள்ளேயே நிற்கும். ஒற்றைக் கண்ணாடி செங்கற் சுவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக வெப்பத்தை வெளியே விடும். ஆகவே இரவில் அது சில்லிட்டு, ஆவி அதில் நீராகப் படிந்து சட்டத்தில் வடியும். சில மாதங்களில் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அந்த அறை ஆகாது. அதைவிடப் பெரிய ஆபத்து, மூடிய அறையில் கரி மூட்டிக் குளிர்காய்வது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

காற்றின் அருமையை நம் தேயிலைத் தொழிற்சாலைகளிடமே கற்கலாம். பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில் வரிசையாக ஜன்னல்கள் இருப்பது அழகுக்காக அல்ல. கொழுந்து வாடக் காற்று வேண்டும் என்பதற்காக. இன்று ஹோட்டலாக மாறியிருக்கும் கந்தப்பளை ஹெதர்செட் தொழிற்சாலையிலும் அந்த வரிசையைக் காணலாம். கொழுந்துக்குக் கொடுத்த காற்றை மனிதருக்கு மறுக்கலாமா? கொவிட் காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனமும் ஜன்னல்களைத் திறந்து வைக்கவே சொன்னது.

மண்சரிவும் நமக்குப் புதிதல்ல. 2007 ஜனவரியில் வலப்பனையும் ஹங்குராங்கெத்தையும் பட்ட துயரத்தை மூத்தவர்கள் மறக்கவில்லை. நன்றாகத் திறந்து மூடிய கதவோ ஜன்னலோ திடீரென இறுகிப் பிடிப்பது, நிலம் நகர்கிறது என்பதற்கான அடையாளங்களில் ஒன்று. திறக்காத ஜன்னலால் அந்தச் செய்தியைச் சொல்ல முடியாது. தீப்பிடித்தால் அதன் வழியே வெளியேறவும் முடியாது.

இன்னொன்று, வீட்டின் மறைவு. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் பாதையில் நிற்பவருக்கு முன்னறை முழுவதும் தெரியும். பெண்கள் சொந்த வீட்டுக்குள்ளும் ஒதுங்கி நடக்க வேண்டியிருக்கிறது. எனவே தடித்த திரைச்சீலை வாங்குகிறோம். பிறகு பகலிலும் அதை இழுத்தே வைக்கிறோம். எந்த வெளிச்சத்துக்காக அந்த வீட்டை எடுத்தோமோ அதுவும் போய்விடுகிறது. சீலையின் செலவு குடியிருப்பவருடையது. அடுத்த வீட்டு ஜன்னலுக்கு அந்த அளவு பொருந்துவதும் இல்லை.

சொந்த வீட்டுக்காரர் குறையைக் கண்டால் பாஸைக் கூப்பிட்டு மாற்றிக்கொள்வார். வாடகைக்கு இருப்பவர் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். அதனால்தான் வாடகை வீட்டில் இந்தப் பிழை கனக்கிறது. நாள் முழுவதும் அந்தக் காற்றில் இருப்பவர் பெரும்பாலும் தாய்தான். வீட்டைப் பார்த்து முடிவு செய்யும்போது அவரிடமும் கேட்கிறோமா?

பெரிய கண்ணாடியே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. நடுப்பகுதி நிலையாக இருக்கட்டும். இரு பக்கமும் திறக்கும் கதவு வையுங்கள். அதற்கும் வழியில்லையெனில் கூரையோரம் வலையடித்த காற்றுத் துவாரமாவது விடுங்கள். தாழ்வான இடத்தில் உறுதியூட்டிய கண்ணாடி பதித்தால், உடைந்தாலும் கத்திபோல் பிளக்காமல் சிறு மணிகளாகவே உதிரும். வீட்டுக்காரர்களிடம் இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பெற்றோர்களே, முற்பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த அறையில் எந்த ஜன்னல் திறக்கும்? கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு? மேல்மாடிக் கண்ணாடியை வெளியிலிருந்து எப்படித் துடைப்பது? பதில்களை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். மலையின் அழகைப் பார்க்க மட்டுமல்ல, மலையின் காற்றைச் சுவாசிக்கவும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறோம்.