மடிக்கணினியும் மாணாக்கர் கடமையும்

இக்காலத்து மாணாக்கர்க்கு ஏடும் எழுத்தாணியும் மடிக்கணினியேயாம். கட்டுரை வரைதலும், நூல் தேடலும், ஆசிரியர்க்கு விடை விடுத்தலும் அதனாலேயே நிகழ்கின்றன. ஆயின், அது இடையில் அசைவற்று நின்றவிடத்து நாம் செய்வது யாது? பொறுமையிழந்து மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகின்றோம். இவ்வழக்கம் கற்றார்க்கு அழகன்று என்பது எம் கருத்து.

சென்ற பருவத்தில் யாமே இப்பிழை செய்தோம். உள்ளுறையுவமம் பற்றிய கட்டுரையொன்றை மறுநாட் காலை ஒப்புவித்தல் வேண்டியிருந்தது. நள்ளிரவில் திரை உறைந்தது, பொத்தானை அழுத்தினோம், இரண்டு மணிநேர உழைப்பு ஒரு வரியும் எஞ்சாது மறைந்தது. மறுவாரம் அதுவே மீண்டும் நேர்ந்தபொழுது, அறைத்தோழர் எம் கையைத் தடுத்தார். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் தோன்றிற்று. யாம் திறந்து மறந்த பக்கங்களைச் சுமந்த உலாவியே நினைவகத்தின் பெரும்பகுதியைக் கொண்டிருந்தது. அதனைமட்டும் முடித்தார், கட்டுரை பிழைத்தது. குற்றம் ஒன்றினுடையதாக, தண்டம் அனைத்திற்கும் விதித்த எம் அறியாமையை அன்றே உணர்ந்தோம்.

நினைவகம் நிரம்பியவழி, கணினி அதன் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றுகின்றது. வட்டோ நினைவகத்தினும் வேகத்தில் மிகக் குறைந்தது. ஆதலின் யாவும் தளர்கின்றன. டாஸ்க் மேனேஜர் 1996-இல் விண்டோஸ் என்.டி. 4.0 உடன் வெளிவந்தது. எச்செயலி எத்துணை நினைவகமும் செயலாற்றலும் கொள்கின்றதென்பதை அது நிரல்படக் காட்டும். மாக் கணினியில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் என்னும் விசைகள் உறைந்த செயலியை முடிக்க உதவும்.

எனினும் முடித்தலில் முறையுண்டு. ஒரு சாளரம் ஐந்து நொடியளவு நம் கட்டளையை ஏற்காதிருப்பின், விண்டோஸ் அதனைப் 'பதிலளிக்கவில்லை' எனக் குறிக்கும். அது இறந்ததென்பது இதன் பொருளன்று. பெருங்கோப்பொன்றைப் படித்துக்கொண்டும் இருக்கலாம். ஆகவே முதலிற் சிறிது பொறுத்தல் வேண்டும். லினக்ஸில் இம்முறை தெளிவாய் விளங்கும். 15 என்னும் குறிப்பு, செயலியைத் தன் வேலையை ஒழுங்குசெய்துகொண்டு விலகுமாறு வேண்டும். 9 என்னும் குறிப்போ அதற்கு இடங்கொடாது மாய்க்கும். சாம தான பேதங்களின் பின்னரே தண்டம் என்ற நம் முன்னோர் அரசநெறி ஈண்டும் பொருந்துதல் காண்க. வலிந்து முடிக்குங்கால் சேமியாதன அழியும். பெயரறியாத அமைப்புச் செயல்களை முடித்தலும் தகாது. அவற்றுட் சில வீழின் கணினியே வீழும்.

'தமிழ் பயில்வார்க்கு இஃதெற்றுக்கு? பொறியியலார் அறிந்தாற் போதாதோ?' என்பாருமுளர். ஓலைச்சுவடியைப் போற்றியோர் அதற்கு எண்ணெய் பூசவும், செல்லரியாது காக்கவும் அறிந்திருந்தனர். அவையெல்லாம் தச்சர்க்கோ கொல்லர்க்கோ உரியன என்று வாளாவிருந்தாரல்லர். அவர் காத்தமையாலன்றோ நாம் கற்கின்றோம்? தான் எழுதும் கருவியின் இயல்பறிதல் எழுதுவோன் கடமையே.

ஆதலின் நண்பர்காள், வாரம் ஒருமுறையேனும் உங்கள் கணினியில் யாவை இயங்குகின்றன என்று நோக்குமின். கணினி திறந்தவுடன் தாமே எழும் செயலிகளுள் வேண்டாதனவற்றை நிறுத்துமின். எழுதுந்தோறும் சேமியுமின். கல்லூரித் தலைவர்க்கும் ஒரு விண்ணப்பம்: புதிதாய்ச் சேரும் மாணாக்கர்க்கு நூலகம் காட்டும் நாளில், இக்கல்விக்கும் ஒருமணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். அவ்வொரு மணி, பலருடைய பல இரவுகளைக் காக்கும்.