கருவியைப் பொருத்தும் கை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில், காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, வர்ணமும் பூசுகிறார்கள். தச்சருக்கும் மெக்கானிக்குக்கும் மனம் கோணாமல் கூலி கொடுக்கும் படகு உரிமையாளர்களிலும் பலர், வயர்லெஸ், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் முதலிய கருவிகளைப் பொருத்த ஆள் தேடும்போது மட்டும், குறைந்த கூலிக்கு வருபவர் யார் என்றே விசாரிப்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது.

கரையில் ஒரு வீட்டுக்கு விளக்குப் போடுவது போன்ற காரியம் அன்று இது. உப்புக் காற்றில் சாதாரணச் செம்புக் கம்பி, மேலுறை பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே களிம்பேறிக் கருகிவிடும். ஆதலால் வெள்ளீயம் பூசிய கம்பியே கடலுக்கு உகந்தது. 25 வாட் சக்தியுள்ள வயர்லெஸ் கருவி, பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொற்பமான மின்சாரத்தையே எடுத்துக்கொள்கிறது. நாம் பேசுவதற்காகப் பொத்தானை அழுத்திய கணத்திலோ ஐந்தாறு ஆம்பியர் கேட்கிறது. மெல்லிய கம்பியையும் களிம்பேறிய இணைப்பையும் கடந்து அவ்வளவு மின்சாரம் வந்து சேராதபோது, நாளெல்லாம் பிறர் குரலைத் தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்த அதே கருவி, பிராணாபத்தில் 16ஆம் சேனலில் உதவி கோரும் வேளையில் ஊமையாகிவிடுகிறது. புதிய கருவிகளில் உள்ள சிவப்புப் பொத்தானின் கதையும் இதுதான்: படகுக்குரிய ஒன்பது இலக்க அடையாள எண்ணை முன்னதாகவே யாரேனும் அதில் பதிவு செய்திராவிட்டால், அதை எத்தனை முறை அழுத்தினாலும் அபாயச் செய்தி வெளியே போகாது. திசைகாட்டிக்கு அருகே ஒலிபெருக்கியை வைத்துவிட்டால், அதிலுள்ள காந்தம் முள்ளையே திருப்பிவிடும் என்பதையும் விஷயம் தெரிந்தவர்தாம் அறிவார்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை. அந்தத் துயரத்துக்குப் பின் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்த, மத்திய அரசு 364 கோடி ரூபாயில் திட்டம் வகுத்து, 2024 ஆகஸ்டில் தொடங்கியும் வைத்தது. மனமார வரவேற்க வேண்டிய காரியம். எனினும், லட்சம் கருவிகளையும் ஆண்டுதோறும் சோதித்துப் பழுது நீக்கும் கைகள் துறைமுகந்தோறும் வேண்டுமே என்ற கவலை, கருவியைப் பற்றிய உற்சாகத்தில் ஒரு பங்கேனும் நமக்கு இருக்க வேண்டாமா?

டைட்டானிக் கப்பலின் வயர்லெஸ் சாதனம், 1912 ஏப்ரலில், அக்கப்பல் பனிப்பாறையில் மோதுவதற்கு முந்திய இரவில் பழுதாகிப் போயிற்று. பிலிப்ஸ், பிரைடு என்ற இரு இளைஞர்கள் கண்விழித்து, கோளாறு இருந்த இடத்தைத் தேடிப்பிடித்துச் சீர்செய்தார்கள். மறுநாள் இரவு அச்சாதனத்திலிருந்து எழுந்த அழைப்பைக் கேட்டே கார்பேத்தியா கப்பல் விரைந்து வந்து, எழுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கரை சேர்த்தது.

அத்தகைய கைகள் நம் துறைமுகங்களிலும் உள்ளன. டி.வி., ரேடியோ பழுது பார்த்துப் பழகி, பிறகு படகுகளுக்கு வந்து, பட்டறிவாலேயே தேர்ந்த இளைஞர்கள் பலர். அவர்களுடைய திறமையை அளந்து சொல்லும் சான்றிதழ் ஒன்று இல்லாததால், தேர்ந்தவருக்கும் தேராதவருக்கும் ஒரே கூலி, ஒரே மரியாதை. அமெரிக்காவில் 1957இல் தோன்றிய கடல்சார் மின்னணுச் சங்கம், இத்தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்திச் சான்று வழங்கி வருகிறது. 1963இல் கொச்சியில் நிறுவப்பட்டு, சென்னையிலும் கிளையுள்ள மத்திய மீன்வளக் கடற்பயிற்சி நிறுவனம், இவ்விளைஞர்களுக்கென்றே ஒரு குறுகிய பாடத்திட்டத்தை வகுத்துத் துறைமுகத்துக்கே வந்து நடத்தினால் என்ன? உரிமையாளர்களும், எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த ஃப்யூஸ் எதற்கு என்று வரைந்த படமொன்றைப் படகிலேயே விட்டுச் செல்லும்படி கேட்டு வாங்கி, அதற்குரிய கூலியையும் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் படகுகளை ஆய்வு செய்ய வருகிறார்களே, அப்போது கருவி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளாமல், எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, படகு ஓட்டுபவரையே வயர்லெஸில் பேசச் சொல்லி, கரையிலிருந்து மறுமொழி வந்த பின்னரே கையெழுத்திடும் வழக்கத்தை வருகிற ஆண்டிலேயே தொடங்கலாம்.