எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

“உடற்பயிற்சி செய்துவிட்டால் எரித்த அளவுக்குச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அதுவும் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டே ஆகவேண்டும்.” எடை குறைக்க வருகிறவர்களிடம் ஜிம்மிலும் நடைப்பயிற்சிப் பூங்காவிலும் ஓயாமல் சொல்லப்படும் அறிவுரை இது. இதை நம்பி, மாதக்கணக்கில் வியர்வை சிந்தியும் முள் இறங்காமல், “நம் உடம்புவாகு அப்படி” என்று மனம் விட்டு நடையையே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். தவறு அவர்கள் உடம்பில் இல்லை, அறிவுரையில்தான் இருக்கிறது. அதன் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“கைக்கடிகாரம் 400 கலோரி காட்டுகிறது.” கையில் கட்டும் கருவி நாடித்துடிப்பை ஓரளவு நன்றாக அளக்கும். கலோரியை அது அளப்பதில்லை, கணக்குப் போட்டு ஊகிக்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 60 பேரைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவியும் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். அந்த எண்ணை நம்பித் தட்டில் பரிமாறிக்கொள்ள முடியாது.

“எண் சரியாக இருந்தால் சாப்பிடலாம் அல்லவா?” அப்போதும் கணக்கு இடிக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால் சுமார் 185 கலோரி செலவாகும். நடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் உடம்பு 50 கலோரியைச் செலவழித்திருக்கும். ஆக, நடையால் கூடுதலாகப் போனது 130 சொச்சம்தான். பூங்காவை விட்டு வெளியே வந்து, டீக்கடை வாசலில் நின்றபடியே எண்ணெய் மினுங்கும் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு பால் டீயும் சாப்பிட்டால் அது தாராளமாகத் தாண்டிவிடும். நடக்க முக்கால் மணி, தின்ன ஐந்து நிமிடம்.

“அப்படியானால் இன்னும் அதிக நேரம் செய்தால் போதும்.” அமெரிக்காவில் எடை கூடிய, மாதவிடாய் நின்ற 464 பெண்களை ஆறு மாதம் கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. வாரத்துக்குச் சுமார் 136 நிமிடம் பயிற்சி செய்த குழு சராசரியாக 2.1 கிலோ குறைந்தது. 194 நிமிடம் செய்த குழு குறைந்தது 1.5 கிலோ மட்டுமே. அதிகம் உழைத்தவர்கள், எதிர்பார்த்ததில் ஏறக்குறையப் பாதிதான் குறைந்தார்கள். பயிற்சி கூடும்போது பசியும் கூடுகிறது. “இவ்வளவு செய்தோமே” என்ற எண்ணம் கரண்டி பிடித்த கையைத் தாராளமாக்குகிறது. எரித்ததைத் திரும்பச் சாப்பிடலாம் என்ற அறிவுரை இந்தப் பலவீனத்துக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கிறது.

“அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் தசை கரைந்துவிடும்.” பயிற்சிக்குப் பின் தசைக்குப் புரதம் தேவை என்பது உண்மை. அவசரம்தான் பொய். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் ஷோன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் பார்த்தபோது, நேரத்தால் கிடைத்ததாகத் தோன்றிய பலன், நாள் முழுக்க உண்ட புரதத்தின் அளவைக் கணக்கில் சேர்த்ததும் மறைந்துபோனது. காலையும் மாலையும் கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர் உடனே மாவுச்சத்து உண்ண வேண்டியிருக்கும். நாளைக்கு ஒருமுறை நடக்கிறவருக்கு அடுத்த வேளைச் சாப்பாடே போதும்.

“அப்படியானால் பட்டினி கிடந்தால் கொழுப்பு வேகமாக எரியுமே!” இது எதிர்முனைத் தவறு. 2014இல் 20 இளம் பெண்களிடம் நான்கு வாரம் நடந்த ஆய்வில், வெறும் வயிற்றில் பயிற்சி செய்தவர்களுக்கும் சாப்பிட்டுவிட்டுச் செய்தவர்களுக்கும் கொழுப்புக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பட்டினியோடு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர் மதியம் இரண்டு மடங்கு சோறு போட்டுக்கொள்வார். அவ்வளவுதான் மிச்சம்.

பின் எவ்வளவு சாப்பிடுவது? நடக்காத நாளில் அந்த வேளைக்கு என்ன அளவோ, அதே அளவு. நடந்ததற்கென்று தனியாக எதுவும் வேண்டாம். அளவை மாற்றாமல் தட்டில் உள்ளதை மாற்றலாம். நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் இரண்டு அவித்த முட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. சைவம் என்றால் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். வயிறு நிறையும், தசையும் காப்பாற்றப்படும். தாகத்துக்குத் தண்ணீர் அல்லது நீர்மோர் குடியுங்கள். கரும்புச்சாறும் பாட்டில் பானமும் வேண்டாம்.

விதிவிலக்குகள் உண்டு. இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குப் பயிற்சிக்குப் பின் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் அவர்கள் கணக்குப் பார்க்காமல் உடனே இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு உண்பது, மருந்தைக் குறைப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அப்படியே.

இதனால் நடை வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடை சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும், தூக்கத்தைச் சீராக்கும், குறைந்த எடை திரும்ப ஏறாமல் காக்கும். இந்தப் பலன்கள் வேண்டும் என்பதற்காக நடங்கள். எடையைக் குறைக்கும் வேலையைச் சாப்பாட்டுத் தட்டிடம் கொடுங்கள்.