எலும்பு கேட்கும் அவகாசம்

மாரண்டஹள்ளியிலும், அதைச் சுற்றியுள்ள பஞ்சப்பள்ளி, பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சமீப காலமாக ஓர் அபிப்பிராயம் தவறாமல் தலைகாட்டுகிறது. உப்புத் தண்ணீர் குடித்துக் கறை ஏறிப்போன பல் எப்படியும் நிலைக்காது. ஆகவே இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் பிடுங்கிவிட்டு, மூன்றே நாளில் தாடையெலும்பில் ஸ்க்ரூ வைத்து வாய் முழுவதும் பல் கட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம். அது ஆயுளுக்கும் அசையாது. தாடையெலும்பைப் பக்குவப்படுத்த வேண்டும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்று சொல்லும் வைத்தியர்கள் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்பதே அந்த அபிப்பிராயம். தக்காளி விற்ற காசையும், ஓசூரில் வேலை செய்யும் மகன் அனுப்பும் சம்பளத்தையும் ஒன்று சேர்த்து, ஒரே தரம் செலவழித்துத் தொல்லை தீர வேண்டும் என்று நினைக்கும் எளிய குடும்பங்கள் இந்தப் பேச்சை மெய்யென்று நம்பி நல்ல பற்களையும் இழக்கக்கூடும் என்பதனாலேயே, அதன் அங்கங்களைத் தனித்தனியே பிரித்துப் பரிசோதிப்பது அவசியமாகிறது.

கறை ஏறிய பல் கெட்ட பல் என்னும் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். தர்மபுரி மாவட்டத்தின் பூமி கடினப் பாறை நிறைந்த பூமி. அப்பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. திறந்த கிணறுகள் வற்றிப்போய் ஆழ்துளைக் கிணற்றை நம்பும் நிர்ப்பந்தம் ஏற்பட்ட பிறகு, அந்த நீரே பல ஊர்களில் குடிநீராயிற்று. ஒரு லிட்டர் நீரில் ஃபுளூரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. இந்தியத் தர நிர்ணயமோ 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது என்கிறது. ஃபுளூரைடினால் வரும் வியாதி நம் பக்கத்துக்குப் புதியதன்று. 1937-ஆம் வருஷத்திலேயே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் முதுகும் மூட்டும் விறைத்துப்போன குடியானவர்களைப் பரிசோதித்து, ஷார்ட் முதலிய வைத்தியர்கள் ஃபுளூரைடு எலும்பை வாட்டும் விதத்தை எழுதி வைத்தார்கள்.

ஆனால் பல்லில் ஏறும் கறையின் வரலாறு வேறு. பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், அளவுக்கு மிஞ்சிய ஃபுளூரைடு சரீரத்தில் சேர்ந்தால், எனாமல் என்னும் மேலுறை முழுமையாக இறுகாமல் நுண்ணிய துளைகளோடு அமைந்துவிடுகிறது. பல் முளைத்து வெளியே வந்தபின் அத்துளைகளில் நிறம் ஏறி, மஞ்சளாகவும் பழுப்பாகவும் பிரத்தியட்சமாகிறது. குறைபாடு மேலுறையில் இருக்கிறதே தவிர, வேரிலோ, வேரைப் பிடித்திருக்கும் தசைநாரிலோ இல்லை. இலேசான கறையை மேற்பரப்பைச் சிறிதளவு தேய்த்தே அகற்றலாம். ஆழமானதற்கு முன்புறத்தில் மெல்லிய உறை ஒட்டலாம். குழி விழுந்து உடையத் தொடங்கிய பல்லுக்குக் கேப் போடலாம். கறை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி வேர் உறுதியான பல்லைப் பிடுங்குவதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரமே கிடையாது. 2008-ல் தொடங்கி 2013-ல் நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃபுளூரைடு பாதிப்பைக் குறைப்பதையே முழுப் பெயரிலும் நோக்கத்திலும் கொண்டது. காவிரி நீரைக் குடித்து வளரும் பேரப்பிள்ளைகளின் பல் வெண்மையாக முளைப்பதையும், தாத்தாவின் கறை அதே நீரைக் குடித்தும் மாறாமலிருப்பதையும் ஒரே வீட்டில் காண்கிறவர்கள், இது குழந்தைப் பருவத்தில் விழுந்த தழும்பே ஒழிய, வளர்ந்துகொண்டே போகும் அழுகல் அன்று என்பதை எளிதில் உணரலாம். முதியவர்களின் பல்லை ஆட்டங்காணச் செய்வது பெரும்பாலும் ஈறு நோய். காறை படிந்து, புகையிலையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் அதற்குத் துணைபோய், வேரைச் சுற்றியுள்ள எலும்பு கரைவதனால் வருவது அது. அதற்குச் சிகிச்சை உண்டு. அந்தச் சிகிச்சையைச் செய்து பார்த்த பிறகே எந்தப் பல் பிழைக்கும், எந்தப் பல் பிழைக்காது என்று நிச்சயிக்க இயலும்.

பல் போனாலும் தாடை எங்கே போகப்போகிறது, எப்பொழுது வேண்டுமானாலும் ஸ்க்ரூ வைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த கூற்று. பல்லைத் தாங்கும் எலும்பு வரம்பு பல்லுக்காகவே தோன்றியது. பல்லோடு வளர்ந்து, பல் போனபின் தேய்கிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் ஒரு வருஷத்துக்குள் எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்பதையும், அந்தத் தேய்வில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பதையும் 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி அளந்து காட்டிற்று. பல் செட் அணிந்தவர்களை இருபத்தைந்து வருஷ காலம் தொடர்ந்து பார்த்து 1972-ல் டால்கிரேன் என்பவர் வெளியிட்ட முடிவு, கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு தேய்கிறது என்பது. செட் வருஷந்தோறும் தளர்ந்து ஆடுவதற்குக் காரணம் செட் செய்தவரின் குற்றமே என்று நினைக்கிறோம். அடியிலிருக்கும் எலும்பு தாழ்ந்துபோனதுதான் பெரும்பான்மையான காரணம். மேல்தாடையின் பின்பகுதியில் இன்னொரு சங்கடமும் உண்டு. கன்னத்துக்குள் இருக்கும் காற்றறை, பல் போன இடத்தை நோக்கிக் கீழே விரிந்து இறங்கி, எலும்பை மெல்லிய ஓடாக ஆக்கிவிடுகிறது. கீழ்த்தாடையிலோ, உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு எலும்புக்குள் ஓடுகிறது. எலும்பு தேயத் தேய அந்த நரம்புக்கு மேலே கிடைக்கும் இடம் குறைகிறது. அதிலிருந்து 2 மில்லிமீட்டராவது விலகி நிற்காமல் ஸ்க்ரூவை இறக்கினால் உதடு நிரந்தரமாக மரத்துப்போகக்கூடும்.

இவ்வளவையும் அறிந்த பிறகு, எலும்பைப் பக்குவப்படுத்துவது வீண் வேலை என்னும் மூன்றாவது கூற்று எவ்வளவு பலவீனமானது என்பது தானே விளங்கும். நாலு மில்லிமீட்டர் பருமனுள்ள ஸ்க்ரூ நிற்க, அதன் இருபுறமும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் எலும்பு சூழ்ந்திருக்க வேண்டும். ஆக ஆறேழு மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அது இருக்கிறதா என்பதைச் சாதாரண எக்ஸ்ரே சொல்லாது. தாடையை மூன்று பரிமாணத்திலும் காட்டும் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இருந்தால் யாரும் எலும்பு சேர்க்க வேண்டியதில்லை. ஸ்கேனில் போதிய எலும்பு தெரிந்தும் எலும்புத்தூள் போட்டே தீரவேண்டும் என்று வற்புறுத்தும் வைத்தியரைக் காரணம் கேட்பது நோயாளியின் உரிமை. இல்லையென்றால் பல வழிகள் இருக்கின்றன. பல்லைப் பிடுங்கும் அன்றே குழியை எலும்புத்தூளால் நிரப்பி மெல்லிய சவ்வால் மூடினால் தேய்வு குறைகிறது, ஆனால் அடியோடு நின்றுவிடுவதில்லை. குறுகிய வரம்பை அகலப்படுத்த மோவாயிலிருந்தோ, கீழ்த்தாடையின் பின்கோடியிலிருந்தோ அவரவர் சொந்த எலும்பையே எடுத்து ஒட்டுவதுண்டு. அது கலந்து உறுதிப்பட நாலைந்து மாதமாகிறது. காற்றறையின் உட்சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி அதன் அடியில் எலும்புத்தூளை நிரப்பும் சிகிச்சையை, அமெரிக்காவில் டேட்டம் 1970-களில் செய்துகாட்ட, பாய்னும் ஜேம்ஸும் 1980-ல் எழுதி வெளியிட்டார்கள். அங்கே புது எலும்பு பிறக்க ஆறு முதல் ஒன்பது மாதம் வரை பிடிக்கிறது.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. எலும்புத்தூளில் பெரிதும் வழங்குவது மாட்டெலும்பிலிருந்து புரதம் முதலியவற்றை நீக்கிச் செய்த ஒரு வகை. மனித எலும்பைப் பதப்படுத்திய வகையும் உண்டு. கால்சியம் பாஸ்பேட்டிலிருந்து செயற்கையாகச் செய்த வகையும் உண்டு. தன் வாயில் வைக்கப்படுவது இன்னதென்று அறிந்து சம்மதிக்கவோ மறுக்கவோ நோயாளிக்குப் பூரண சுதந்திரம் இருக்க வேண்டும். ஒப்புதல் தாளை ஆங்கிலத்தில் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பக்தியுள்ள ஒரு மூதாட்டிக்கு இதை விளக்காமல் விட்டுவிடுவது, எவ்வளவு கைதேர்ந்த சிகிச்சையானாலும், அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

மூன்று நாள் என்னும் வாக்குறுதிக்கு வருவோம். அதில் உண்மையின் ஓர் அம்சம் இருப்பதை மறுக்கவில்லை. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பனில் மாலோ என்னும் வைத்தியர், ஒரு தாடைக்கு நாலே ஸ்க்ரூக்களை, பின்னிரண்டையும் சாய்த்து வைத்து, அன்றே பல் வரிசையைப் பொருத்தும் முறையை 2003-ல் வெளியிட்டார். சாய்த்து வைப்பதனால் காற்றறையையும் நரம்பையும் விலக்கிப் போகலாம், எலும்பு சேர்ப்பதைப் பலருக்குத் தவிர்க்கலாம். தாடையின் கெட்டியான வெளியோட்டையும் கன்ன எலும்பையும் பற்றிக்கொள்ளும் நீண்ட ஸ்க்ரூக்களைக்கொண்டு சில நாளில் பல் கட்டும் முறையும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அன்று பொருத்தப்படுவது பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆன தற்காலிகப் பல் வரிசை. நிரந்தரமானது சில மாதங்கள் கழித்தே வருகிறது. ஸ்க்ரூ எலும்பில் இறங்கியவுடன் உண்டாகும் பிடிப்பு, ஆட்டுக்கிடையில் அடித்த முளையின் பிடிப்பைப் போன்றது, இறுக்கத்தால் மட்டும் நிற்பது. டைட்டேனியத்தால் ஆன ஸ்க்ரூவின்மேல் புதிய எலும்பு படர்ந்து ஒன்றிப்போவது அதன் பின்னரே நடக்கிறது. அந்தப் புது எலும்பு படரும் முன்னரே, பழைய எலும்பின் விளிம்பு சிறிது கரைந்துகொடுப்பதனால், மூன்றாவது நாலாவது வாரங்களில் பிடிப்பு முதல் நாளைவிடத் தளர்ந்து, பிறகே வலுப்பெறுகிறது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளி, பல் கட்டி முடிந்தது என்ற தைரியத்தில் கடலையையும் கரும்பையும் கடிக்கத் தொடங்கும் சமயமும் அதுவே. களியும் குழைந்த சோறும் நம் ஊர் ஆகாரமாயிருப்பது இவ்விஷயத்தில் ஒரு பாக்கியம். சில மாதங்கள் அதோடு நின்றுகொள்ளும் பொறுமை வேண்டும்.

எலும்பைத் தொடாமலே முடிந்துவிடும் என்பதும் சரியன்று. பல் வரிசைக்கு இடம் செய்வதற்காக, உயர்ந்து நிற்கும் எலும்பு வரம்பைச் சீவிச் சமப்படுத்துவது ஒரே நாள் முறையில் பெரும்பாலும் நடைபெறுகிறது. சீவிய எலும்பு திரும்பி வளராது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் சம்மதித்தவருக்குப் பிற்பாடு மனம் மாற வழியில்லை.

இந்தச் சிகிச்சைக்கு ஆதாரமாயிருந்த கண்டுபிடிப்பும் பொறுமையின் பலனாகவே கிடைத்தது. ஸ்வீடன் தேசத்துப் பிரானமார்க், 1952-ல் லுண்ட் நகரில், முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகப் பதித்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, அது எலும்போடு ஒன்றிப்போய் வர மறுத்ததைக் கண்டார். உடனே மனிதர் வாயில் வைத்துவிடவில்லை. பதின்மூன்று வருஷங்கள் ஆராய்ந்த பின், 1965-ல்தான் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாகப் பதித்தார். அவர் வகுத்த முறைப்படி, ஸ்க்ரூவை ஈறுக்கடியில் மூடிவைத்து, கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருந்த பிறகே பல் கட்டுவது வழக்கம். லார்சன் 2006-ல் காலமாகும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன.

ஆயுளுக்கும் அசையாது என்போர் அந்த நாற்பது வருஷத்தை மேற்கோள் காட்டுவார்கள். நன்றாக வைத்து நன்றாகப் பேணிய ஸ்க்ரூக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பத்து வருஷம் தாண்டியும் நிற்கின்றன என்பது மெய்யே. பேணுதல் என்ற சொல்லை விழுங்கிவிட்டுத்தான் வாக்குறுதி பிறக்கிறது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே தசைநார் உண்டு. ஸ்க்ரூவுக்கு அது இல்லை. ஆகையால் ஸ்க்ரூவைச் சுற்றி அழுக்குச் சேர்ந்து ஈறு புண்பட்டால், கேடு எலும்புக்குள் விரைவாக இறங்குகிறது. வலி தெரிவதற்குள் பாதி எலும்பு போயிருக்கவும் கூடும். ஆறு மாதத்துக்கொரு முறை மாரண்டஹள்ளியிலிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய்க் காட்டிக்கொள்ள முடியாதவர், வைத்தவர் யார், வைத்த கம்பெனி எது என்பது பத்து வருஷம் கழித்துத் தெரியாதவர், ஸ்க்ரூவே இல்லாதவரைவிடச் சிக்கலான நிலையில் சிக்கிக்கொள்வார். பீடியும் சர்க்கரையும் வெற்றியைக் குறைக்கும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. எலும்புத் தேய்வுக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மருந்தை வருஷக்கணக்கில் உண்பவர்களும், ஸோலெட்ரோனிக் அமில ஊசி போட்டுக்கொண்டவர்களும் அதைக் கட்டாயம் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். அத்தகைய மருந்துகளை எடுத்தவர்களிற் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடையெலும்பே உயிரிழந்ததை 2003 முதல் வைத்தியர்கள் எழுதி வந்திருக்கிறார்கள்.

வாய் முழுவதும் நிலையான பல், இல்லாவிட்டால் ஆடும் செட், மூன்றாவது வழி கிடையாது என்பது எஞ்சியிருக்கும் கூற்று. இது நிலத்தை அடகு வைக்கத் தூண்டும் கூற்றாகையால் எல்லாவற்றையும்விடக் கெடுதியானது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் சிபாரிசு செய்யவேண்டியது இரண்டே ஸ்க்ரூக்களின்மேல் மாட்டிக் கழற்றக்கூடிய செட் என்று அபிப்பிராயம் தெரிவித்தார்கள். கீழ்த்தாடையின் முன்பகுதியில் நரம்பின் தொல்லை குறைவு. பல வருஷம் செட் அணிந்து தேய்ந்த தாடையிலும் அவ்விடத்தில் இரண்டு ஸ்க்ரூவுக்கு வேண்டிய எலும்பு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். ஆகவே எலும்பு சேர்க்கும் சிகிச்சை அநேகமாக வேண்டியிராது. செட்டை இரவில் கழற்றிக் கழுவலாம், ஸ்க்ரூவையும் தானே தேய்த்துச் சுத்தம் செய்யலாம். வாய் நிறைய ஸ்க்ரூ வைப்பதற்கு ஆகும் செலவில் சிறு பகுதியே ஆகும். மேல்தாடையின் செட் அண்ணத்தில் ஒட்டி ஓரளவு தானே நிற்குமாதலால், அதை அப்படியே விட்டுவைத்துக் கீழ்த்தாடைக்கு மட்டும் இதைச் செய்துகொள்வதும் பலருக்குப் போதுமானது.