யார் குளிப்பாட்டுவது என்பதை யார் தீர்மானிப்பது?

காட்பாடியைத் தாண்டி கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைக் கடந்தால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். அந்தப் பக்கம் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 6,000 ரூபாய். படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு 15,000. இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2023 ஜனவரி முதல் வருவாய்த் துறை தருவது 1,500. கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000. 2024 ஜூலையில் ஆந்திரம் தொகையை உயர்த்தியபோது எல்லையோரத்தில் பேச்சே அதுதான்.

உயர்த்திய கையோடு ஆந்திர அரசு மறுபரிசோதனையையும் தொடங்கியது. போலிச் சான்றுகளைப் பிடிக்கிறோம் என்றார்கள். 2025 ஆகஸ்டில், ‘உங்கள் பர்சன்டேஜ் குறைந்துவிட்டது’ என்று நோட்டீஸ்கள் பறந்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகே, மேல்முறையீடு செய்தவர்களுக்குத் தொகை தொடரும் என்று அரசு இறங்கிவந்தது. போலிகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. சான்று கொடுக்கும் கேம்ப்புக்கு வெளியே நிற்கும் புரோக்கர்களை எங்கள் துறையில் பார்க்காதவர் கிடையாது. ஆனால் போலிச் சான்றுக்குக் கையெழுத்துப் போட்டவரை விட்டுவிட்டு, கால் வராதவரை மறுபடியும் வரிசையில் நிற்கவைப்பது என்ன நியாயம்?

டெல்லி செய்யும் வெட்டுக்கு நோட்டீஸ்கூட வராது. தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 2012 முதல் 300 ரூபாய். 2012இன் விலைவாசியை 100 என்று வைத்தால் 2025இல் அது 190ஐத் தாண்டிவிட்டது. உயர்த்தாமல் விட்டே அதன் மதிப்பைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிட்டார்கள். அதையும் வாங்க வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அளவுகோலோ 40. “எண்பது போட்டுக் குடுங்க சார்” என்று மருத்துவரிடம் கெஞ்ச வைப்பது இந்த விதிதான்.

தமிழ்நாடும் தோளைத் தட்டிக்கொள்ள முடியாது. அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிக்கான உதவி அதேபோன்ற பிற திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 2023இல் முதியோர் தொகை 1,200 ஆனது. அதற்குச் சரியாகக் கால் பங்கு கூடுதல், 1,500. சட்டம் வகுத்த தரையையே கூரையாக்கிவிட்டோம்.

இந்தத் தொகை எதற்கு? வேலூர் லாங் பஜாரில் அரிசி பருப்பு வாங்கவா? அதற்கே போதாது என்பது இருக்கட்டும். முதுகுத்தண்டு அடிபட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், விட்டால் படுக்கைப்புண். சிறுநீர்க் குழாய், கையுறை, டயப்பர் என்று மாதாமாதம் செலவு. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி வேலையை விடுகிறார். அந்தச் சம்பளம் எந்த அரசுக் கணக்கிலும் செலவாக ஏறுவதில்லை. வயதுக்கு வந்த மகன் தனக்கு உடை மாற்றிவிடுவதை விரும்பாத, படுக்கையில் இருக்கும் தாய், வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொள்கிறார். கையில் பணம் இருந்தால் தெருவில் நம்பிக்கையான ஒரு பெண்ணைக் கூலிக்கு வைத்துக்கொள்வார்; எப்போது குளிப்பது, எப்போது படுப்பது என்பதை அவரே சொல்வார். தனிநபர் உதவியாளர் உட்படச் சமூகத்துக்குள்ளேயே வாழ்வதற்கான ஆதரவு அவரது உரிமை, இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு. காசு இல்லாவிட்டால் அந்தப் பிரிவுக்கு உயிர் இல்லை.

“பணமாகக் கொடுத்தால் குடும்பம் தின்றுவிடும், பொருளாகக் கொடுங்கள்” என்பார்கள். தோல் தொழில் நடக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களுக்காக டாக்டர் பால் பிராண்டும் அவரது குழுவினரும் இங்கே வேலூரில்தான் எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர் செருப்பை உருவாக்கினார்கள். புண் வராமல் காத்த அருமையான செருப்பு. ஆனால் பார்த்தவுடன் ஊருக்கு நோய் தெரிந்துவிடும் என்று பலர் அதை வீட்டு மூலையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். சாதாரணச் செருப்பின் தோற்றத்தில் செய்த பிறகுதான் காலில் ஏறியது. போடுகிறவரைக் கேட்காமல் செய்தால் நல்ல மருந்தும் மூலைக்குத்தான் போகும்.

சிக்கனம் பேசும் அரசுகள் பிரிட்டனையும் கொஞ்சம் பார்க்கலாம். 2025 மார்ச்சில் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் தனிநபர் உதவித்தொகைக்கான தகுதியை இறுக்கத் திட்டமிட்டார்கள். ஆளுங்கட்சி எம்.பி.க்களே எதிர்த்ததால் ஜூலையில் அந்தப் பகுதியைக் கைவிட நேர்ந்தது.

நம் ஊரிலும் ஒருநாள் மறுபரிசோதனை வரும். வரட்டும். நடமாட முடியாதவரை வீட்டுக்கே போய்ப் பார்க்கட்டும். பரிசோதிக்கும் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கட்டும். மேல்முறையீடு முடியும்வரை ஒரு மாதத் தொகைகூட நிற்காது என்று அரசாணையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடட்டும். ஆந்திரத்தில் போராடிய பிறகு கிடைத்ததை இங்கே முன்கூட்டியே கொடுத்தால், யாரையும் கட்டிலோடு கலெக்டர் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்காது.

(கட்டுரையாளர், வேலூரில் பணியாற்றும் மறுவாழ்வு சிகிச்சையாளர்)